சர்க்கரை குறைந்தது... சதையும் குறைந்தது!

மதுரையில் வசிக்கும் அந்த ஓய்வுபெற்ற வங்கி ஊழியருக்கு வயது 64. சர்க்கரை நோய் வந்து 12 ஆண்டுகள். இரண்டே ஆண்டில் 6 கிலோ குறைந்தார். 'ஸ்லிம்மாயிட்டீங்களே சார்!' என்று வாக்கிங் நண்பர்கள் பாராட்டினார்கள். அவரைவிட அவர் மனைவிக்குத்தான் பெருமை. முட்டையை நிறுத்தி, பருப்பைக் குறைத்து, ராத்திரிக்கு இரண்டு இட்லி என்று கணக்குப் பார்த்து வைத்தவர் அவர்தானே!

ஆனால், சில மாதங்களாக ஊறுகாய் பாட்டில் மூடி அவர் கைக்குத் திறக்கவில்லை. பேத்தியோடு தரையில் உட்கார்ந்தால், எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. பேன்ட் தொடையில் தொளதொளத்தது. தொப்பை மட்டும் அப்படியே இருந்தது.

டாக்டர் ஒரு நாற்காலியைக் காட்டினார். "கையைக் கட்டிக்கிட்டு அஞ்சு தடவை எழுந்து உட்காருங்க சார்."

17 விநாடிகள் ஆயின. ஆசியர்களுக்கான அளவுகோலில், 12 விநாடி ஆனாலே தசையைக் கவனிக்க வேண்டும்.

"எங்கப்பாவும் ஒல்லிதான் டாக்டர். கடைசியில கம்பு ஊன்றித்தான் நடந்தார். பரம்பரை வாகு."

அது பாதி உண்மை. தசையின் அளவிலும் வலுவிலும் மரபணுக்களுக்குப் பெரிய பங்குண்டு. அதிலும் இந்திய உடம்பு தனி ரகம். புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் பிரிட்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் தங்கள் உடலையே ஒப்பிட்டு 2004-ல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ 22.3தான். ஆனால் யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவிகிதம், யாஜ்னிக்குக்கோ 21.2! பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு அதிகம், தசை குறைவு.

மீதிப் பாதி, இன்சுலின் விஷயம். ரத்தத்தில் உள்ள சர்க்கரையைத் தசைக்குள் அனுப்புவதோடு, தசையின் புரதம் கரையாமல் காப்பதும் இன்சுலின்தான். அதன் பேச்சை உடம்பு கேட்காதபோது, தசை கட்டப்படுவதைவிட வேகமாகக் கரைகிறது. தசை சுருங்கினால், சாப்பிட்ட சர்க்கரை போய்ச் சேர இடமும் சுருங்குகிறது. சர்க்கரை மேலும் ஏறுகிறது.

மனைவியின் முகம் வாடியது. "அப்போ, நான்தான் அவரைப் பட்டினி போட்டுட்டேனா டாக்டர்?"

"இல்லம்மா. சாதத்தைக் குறைச்சது சரி. பருப்பையும் முட்டையையும் சேர்த்துக் குறைச்சதுதான் தப்பு."

எடை குறைய வேறு காரணம் இருக்கிறதா என்று பரிசோதித்தார்கள். சிறுநீரகத்தையும் பார்த்தார்கள், அது பாதிக்கப்பட்டிருந்தால் இஷ்டத்துக்குப் புரதம் கூட்டக் கூடாது. எல்லாம் சரியாக இருந்தது. அதன்பின் காலையில் முட்டை, மதியம் கெட்டிப் பருப்பு, மாலையில் சுண்டல் திரும்பி வந்தன. வாக்கிங் தொடர்ந்தது. அதோடு, நாற்காலியில் எழுந்து உட்காருவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது. அப்பாவிடமிருந்து வந்த வாகை மாற்ற முடியாது. அதற்குத் தினம் வேலை கொடுக்க முடியும்.

மூன்று மாதம் கழித்து 13 விநாடிகள். எடை ஒரு கிலோ கூடியிருந்தது. முன்பென்றால் வீட்டில் விசாரணையே நடந்திருக்கும். இப்போது மனைவி ஒன்றும் கேட்கவில்லை. ஊறுகாய் பாட்டிலை எடுத்து நீட்டினார்.

"எங்கே, திறங்க பார்க்கலாம்."