பரீட்சை நாளில் வெங்காயம் நறுக்குவது யார்?

2024-ஆம் ஆண்டின் ரமளான் மார்ச் 12 அன்று தொடங்கியது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மார்ச் 26 அன்று, பதினைந்தாம் நோன்பில் தொடங்கி ஏப்ரல் 8 வரை நீடித்தது. ஒரு தேர்வுகூட ரமளானுக்கு வெளியே விழவில்லை. நம் மகள் அவ்வாண்டுதான் பத்தாம் வகுப்பு. செங்கல்பட்டின் பங்குனி வெயிலில், தண்ணீர்கூட அருந்தாமல், காலை பத்து மணி முதல் ஒன்றேகால் வரை தேர்வறையில் அமர்ந்திருந்து திரும்புவாள். ஓதிக் கொடுப்பது நம் தொழில். ஆகவே, நோன்போடு தேர்வெழுதும் பிள்ளைகளுக்கான துஆக்களை மக்தபில் எல்லோருக்கும் மனப்பாடம் செய்வித்திருந்தோம். நம் கடமை அத்துடன் முடிந்தது என்றே எண்ணியிருந்தோம்.

ஆங்கிலத் தேர்வுக்கும் கணிதத் தேர்வுக்கும் இடையே மூன்று நாள் விடுமுறை வந்தது. மாமல்லபுரத்தில் வசிக்கும் நம் தங்கையின் மகளுக்கும் அதே தேர்வு. சேர்ந்து படிக்கட்டும் என்று மகளை அங்கே அனுப்பினோம். சனிக்கிழமை மாலை, திருக்கழுக்குன்றம் வழியாகச் செல்லும் பேருந்தில் நாமும் புறப்பட்டோம். நோன்பு திறந்து, தராவீஹ் முடிந்து தங்கையின் வீட்டுக்குத் திரும்பியபோது மணி பத்தைத் தாண்டியிருந்தது. கடற்காற்று வரும் திண்ணையறையில் இரு பெண்களும் பக்கத்து வீட்டுத் தோழி ஒருத்தியும் அமர்ந்திருந்தார்கள். நடுவே கணக்குப் புத்தகம், வேகவைத்த பனங்கிழங்கு, வெல்லமும் தேங்காய்த் துருவலும் கலந்த அவல். மூவரின் கண்களும் ஒரு கைப்பேசியில் இருந்தன. திரையில் பொம்மைப்படம்.

நமக்குக் கோபம் வந்தது. ரமளானின் இரவு, மறுநாள் கழித்துக் கணிதத் தேர்வு, கையில் கார்ட்டூன்! இரண்டு வாரமாகவே மகள் புத்தகத்தைத் திறந்ததும் தூங்கி விழுகிறாள் என்று மனைவி சொல்லி வந்தார். காரணம் இதுதான் என்று தீர்மானித்துக் கடிந்து பேசிவிட்டோம். மகள் அழவில்லை. "அத்தா, கொஞ்ச நேரந்தான். ஒரு தடவை நீங்களும் பாருங்க" என்றாள். ஒழுக்கக் கேடு ஏதேனும் உண்டா என்று பார்த்துவிடுவோம் என்ற எண்ணத்தில்தான் உட்கார்ந்தோம்.

அது 'ஜேகே மேஷி' என்னும் ஜப்பானியக் குறுந்தொடர். 2015-இல் வெளியானது. ஜேகே என்பது உயர்நிலைப் பள்ளி மாணவியைக் குறிக்கும் ஜப்பானியச் சுருக்கம். மேஷி என்றால் சோறு, சாப்பாடு. ஒரு பகுதி சில நிமிடங்களே. மிகக் குறைந்த செலவில் செய்திருக்கிறார்கள் என்பது நம் போன்றோருக்கே விளங்கியது. உருவங்கள் அதிகம் அசைவதில்லை. செலவைக் குறைக்க அசைவைக் குறைக்கும் இந்த வழக்கம் அந்நாட்டில் பழையது. 1963-இல் ஒஸாமு தெஸுகாவின் 'ஆஸ்ட்ரோ பாய்' தொலைக்காட்சிக்கு வந்த காலத்திலேயே வேரூன்றிவிட்டது. கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. மாணவியர் தேர்வுக்குப் படிக்க ஒரு வீட்டில் கூடுகிறார்கள். பசிக்கிறது. வீட்டில் இருப்பதை வைத்து எளிதாக எதையாவது செய்து சாப்பிடுகிறார்கள். மலிவாகவும் ருசியாகவும் இருக்கும் அன்றாட உணவுக்கு அங்கே 'பி கியூ குருமே', அதாவது இரண்டாந்தரச் சுவை உணவு, என்று செல்லமாக ஒரு பெயரே இருக்கிறதாம்.

(ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஜப்பானியச் சமையல் குறிப்புகளில் 'மிரின்' என்று வருவது இனிப்பான சமையல் மது. பன்றி எலும்புச் சாறும் பல சூப்புகளில் உண்டு. பிள்ளைகள் படம் பார்த்துச் செய்ய முற்பட்டால் பெற்றோர் சேர்மானங்களைப் படித்துப் பார்க்கட்டும். நம் பெண்களோ அவலும் வெல்லமுமாக நின்றுவிட்டார்கள்.)

படம் முடிந்தது. "இதில் என்னம்மா இருக்கிறது?" என்று கேட்டோம். மகள் சற்று யோசித்துவிட்டுச் சொன்னாள்: "இவங்க வேற யாருக்கும் சமைக்கலை அத்தா. படிக்கிறதுக்காகச் சமைக்கிறாங்க. சாப்பிட்டுட்டுத் திரும்பப் படிக்க உட்கார்ந்துடுறாங்க."

குறை சொல்லும் தொனியே அதில் இல்லை. இருந்திருந்தால் நாம் மறுமொழி சொல்லித் தப்பியிருப்போம்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. நம் வீட்டின் அஸர் முதல் மஃக்ரிப் வரையிலான நேரத்தை எண்ணிப் பார்த்தோம். தேர்வெழுதிக் களைத்து வந்த மகள் லுஹர் தொழுதுவிட்டுச் சிறிது படுப்பாள். அஸர் ஆனதும் அடுக்களை. வெங்காயம் நறுக்குவது, வடைக்குக் கடலைப்பருப்பு அரைப்பது, சர்பத் கரைப்பது, பேரீச்சம்பழத்தைத் தட்டுகளில் எடுத்து வைப்பது எல்லாம் அவள் பொறுப்பு. நோன்பு திறந்தபின் பாத்திரங்கள். ஸஹருக்கு எழுந்து தாய்க்கு உதவி. அவளைவிட இரண்டு வயது இளையவனான நம் மகன், அஸருக்குப் பின் தூக்குவாளியுடன் பள்ளிவாசலுக்குப் போய் நோன்புக் கஞ்சி வாங்கி வருவான். அத்துடன் அவன் வேலை முடிந்தது. கஞ்சி வாங்கப் போன பிள்ளையை வருவோர் போவோரெல்லாம் பாராட்டுவார்கள். அவள் தூங்கி விழுந்த காரணம் கைப்பேசியில் இல்லை.

நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, தம் குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்படுவார்கள் என்ற கருத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் விடையளித்த செய்தி புகாரியில் உள்ளது. அஃப்ஸலுல் உலமா தேர்வுக்காக நாம் படித்த செய்தி அது. ஜும்ஆ மேடையில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, விரித்து வைத்த சுஃப்ராவின் முன் அமர்ந்திருக்கிறோம்.

சமையல் இழிவு என்று நாம் சொல்லவில்லை. அன்று அந்த மூன்று பெண்கள் ஒருத்தி தேங்காய் துருவ, ஒருத்தி கிழங்கின் நார் உரிக்க, மற்றவள் வடிவியல் தேற்றத்தை உரக்கச் சொன்ன அழகை நாமே கண்டோம். அந்த அவல் அவர்களைப் புத்தகத்தருகே உட்கார வைத்தது. நம் வீட்டு வடையோ அவளைப் புத்தகத்திலிருந்து எழுப்பியது. வேலை ஒன்றுதான், யாருடைய பசிக்காக யாருடைய நேரம் செலவாகிறது என்பதில்தான் வேறுபாடு.

ஞாயிறன்று ஊர் திரும்பியதும் மனைவியிடம் பேசினோம். அவர் எளிதில் இணங்கவில்லை. "நான் என்ன வேண்டுமென்றா அவளைக் கூப்பிடுகிறேன்? தனியாக எத்தனையைத்தான் பார்ப்பேன்? வடை இல்லாவிட்டால் முதலில் முகம் சுளிப்பது யார்?" என்றார். அதுவும் உண்மை. ஆகவே தேர்வு முடியும்வரை வடை கிடையாது, பள்ளிவாசல் கஞ்சியும் பேரீச்சையும் பழமும் போதும் என்று முடிவாயிற்று. அஸருக்குப் பின் மகளின் அறைக் கதவு சாத்தப்பட்டது. பழம் நறுக்குவதும் பாத்திரம் துலக்குவதும் நமக்கும் மகனுக்கும். முதல் நாளே ஒரு கண்ணாடிக் குவளை உடைந்தது. யாருடைய கையிலிருந்து விழுந்தது என்பதை எழுத வேண்டியதில்லை.

எட்டாம் தேதி சமூக அறிவியலோடு தேர்வு முடிந்தது. அன்று வடை சுடலாமா என்று மகளே கேட்டாள். நாம் மறுக்கவில்லை.

இப்போது அவளுக்குப் பிளஸ் டூ. இந்த முறையும் ரமளானும் தேர்வும் சேர்ந்தே வருகின்றன. மகனுக்கு மீசை அரும்பிவிட்டது. அடுக்களையில் நிற்பதை நண்பர்கள் பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சமும் வந்திருக்கிறது. நேற்று ஒத்திகைபோல் அவனிடம் கத்தியையும் பலகையையும் நீட்டினோம். வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து, "பொடியாவா அத்தா, நீளமாவா?" என்று கேட்டான்.