ரீபூட்டுக்குப் பயந்தவன்

ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கைப் பல வருடங்கள் நான்தான் பார்த்துக்கொண்டேன். லேப், நூலகம், அலுவலகம் எல்லாம் ஒரே டெபியன் சர்வர் வழியாகத்தான் இன்டர்நெட்டுக்குப் போகும். லேபுக்கு வருகிறவர்களிடம் 'அப்டைம்' என்று அடித்துக் காட்டுவேன். சர்வர் கடைசியாக எழுந்து எத்தனை நாளாயிற்று என்று அது சொல்லும். அந்த எண் ஏற ஏற எனக்கும் கர்வம் ஏறியது. உண்மையில் அந்த சர்வரை ரீபூட் செய்ய எனக்குப் பயம். பயத்தைப் பெருமையாகக் காட்டிக்கொண்டு திரிந்தேன்.

பயந்ததற்குக் காரணம் நான் வேலை பார்த்த விதம். லினக்ஸில் ஐபிடேபிள்ஸ் கட்டளையாக ஒரு ஃபயர்வால் விதியை அடித்தால் அந்த நொடியே அமலுக்கு வந்துவிடும். ஆனால் அது கெர்னலின் நினைவகத்தில்தான் இருக்கும். கோப்பில் சேமித்து, சர்வர் எழும்போது திரும்ப ஏற்ற வழி செய்யாவிட்டால் மெஷின் அணைந்ததும் போய்விடும். புது லேபுக்கு விலான் என்ற தனிப் பிரிவை ஒதுக்கியது, பாக்கெட் போகும் பாதையை (ரூட்) சேர்த்தது, ஒரு பக்கம் வரும் பாக்கெட்டை மறுபக்கம் அனுப்பச் சொல்லும் ஐபி ஃபார்வர்டிங், எல்லாமே அப்படித்தான். உரிய கோப்பில் சில வரிகள் எழுதியிருந்தால் போதும். நானோ அப்போதைக்குக் கட்டளையை அடித்து, நெட் வந்ததும் எழுந்து போய்விடுவேன். எதை எழுதி வைத்தேன், எதை எழுதவில்லை என்பது ஒரு கட்டத்தில் எனக்கே தெரியாமல் போயிற்று.

2016 அக்டோபரில் 'டர்ட்டி கவ்' என்ற ஓட்டை வெளியே தெரிந்தது. 2007 முதல் லினக்ஸ் கெர்னலில் இருந்தது அது. சர்வரில் சாதாரணக் கணக்கு வைத்திருப்பவர்கூட அதை வைத்து 'ரூட்' எனும் நிர்வாகி அதிகாரத்தைப் பிடித்துவிடலாம். என் சர்வரில் மாணவர்களுக்குக் கணக்குகள் இருந்தன. திருத்திய கெர்னலை நிறுவினேன். ரீபூட் செய்தால்தான் அது ஓடத் தொடங்கும். செய்யவில்லை. 'அப்டேட் முடிந்தது' என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஓடிக்கொண்டிருந்தது பழைய கெர்னல். அந்தக் கையெழுத்து பொய்.

செய்முறைத் தேர்வு நடந்த ஒரு நாள் நீண்ட நேரம் கரண்ட் இல்லை. யுபிஎஸ் தாங்கவில்லை. கரண்ட் வந்ததும் சர்வர் எழுந்தது. நான் கையால் அடித்து வைத்திருந்த எதுவும் அதில் இல்லை. லேப் எதிலும் நெட் வரவில்லை, தேர்வு நின்றது. முதல்வர் லேப் உதவியாளரைக் கூப்பிட்டார். வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாத இளைஞர் அவர். "பேட்டரி இறங்குதுன்னு தெரிஞ்சும் ஏன் தம்பி ஒழுங்கா ஷட்டவுன் பண்ணல?" என்று கேட்டார். ஒழுங்காக ஷட்டவுன் செய்திருந்தாலும் இதே கதிதான் என்பது எனக்குத் தெரியும். பக்கத்தில் நின்றுகொண்டு வாயைத் திறக்கவில்லை. அந்த இளைஞர் மன்னிப்புக் கேட்டார். இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது.

அன்று ஞாபகத்திலிருந்து விதிகளை ஒவ்வொன்றாக அடித்து நெட்டைக் கொண்டுவந்தேன். ஒன்றை மறந்துவிட்டேன்: எஸ்எஸ்ஹெச் வழியாகக் கல்லூரிக்கு உள்ளிருந்து மட்டுமே சர்வருக்குள் நுழையலாம் என்ற விதி. வழிவிடும் விதி ஒன்று விட்டுப்போனால் நெட் வரவில்லை என்று பத்துப் பேர் ஓடிவருவார்கள். தடுக்கும் விதி விட்டுப்போனால் யாரும் வருவதில்லை, எல்லாம் நன்றாக ஓடுவதுபோலவே இருக்கும். வெகுநாள் கழித்து வேறெதற்கோ லாக் கோப்பைத் திறந்தபோதுதான் பார்த்தேன். எங்கெங்கிருந்தோ பாஸ்வேர்டை ஊகித்து அடித்துப் பார்த்த முயற்சிகள் பக்கம் பக்கமாக இருந்தன. யாரும் நுழைந்த தடயம் கிடைக்கவில்லை. என் திறமையால் தப்பியதல்ல அது.

அந்த இளைஞரிடம் பிறகு உண்மையைச் சொன்னேன். முதல்வர் ஓய்வு பெறும்வரை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

லினக்ஸ் சர்வரைப் பார்த்துக்கொள்பவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த விடுமுறை நாளில் உங்கள் சர்வரை நீங்களாகவே ரீபூட் செய்யுங்கள். செய்யும் முன் ஃபயர்வால் விதிகளையும் ரூட்களையும் ஒரு கோப்பில் எடுத்து வைத்து, எழுந்த பிறகு இருப்பதோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். முடிந்தால் உங்கள் உதவியாளரையே செய்யச் சொல்லி, நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள்.