நாலு பேர் ரூமுக்கு எட்டுப் பொட்டலம்

அம்மாச்சி முதன்முதலில் அடுப்பு மூட்டியது சாத்தூரில், தீப்பெட்டி ஆபீஸ் வேன் வந்து நிற்கும் முக்கில். தாத்தா இறந்த பிறகு என் அம்மாவை இடுப்பில் வைத்துக்கொண்டே இட்லி அவித்து விற்றாள். விடியும் முன்பே தூக்கக் கலக்கத்தோடு வேனில் ஏற்றப்பட்ட பிள்ளைகள்தான் அவளுடைய முதல் வாடிக்கை. காசில்லாத பிள்ளைக்கும் ஒரு இட்லியைச் சட்னியில் தோய்த்து ஜன்னல் வழியாக நீட்டுவாளாம். சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் பற்றி 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, அந்தக் கூட்டம் மெல்லக் குறைந்தது. "யாவாரம் போனாப் போகுது, அதுக பள்ளிக்கொடம் போகுதுல்ல" என்பாள்.

அப்புறம் இரண்டு மூன்று ஊர்களில் கடை போட்டு, கடைசியில் பட்டாசு ஆலைகள் இருக்கும் அச்சங்குளம் பக்கம் ஒரு தகரக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தாள். காலையில் இட்லி, பணியாரம். மதியம் சோறும் மொச்சைக் குழம்பும். சனிக்கிழமை சம்பளம் வரும்வரை எல்லாம் பற்றுதான். எழுத்துத் தெரியாதவள். சுவரில் ஆளுக்கு ஓர் இடம் ஒதுக்கிக் கரியால் கோடு போடுவாள். எந்தக் கோடு யாருடையது என்பதில் ஒருநாளும் தடுமாறியதில்லை. ஃபேன்சி வெடி செய்பவர்கள் அலுமினியப் பொடி அப்பிய கையோடு வருவார்கள். வெள்ளி பூசிய மாதிரி மினுங்கும். சீயக்காய்த் தூளைக் கொட்டி, "நல்லாத் தேச்சுக் கழுவு தாயி, மருந்து வயித்துக்குள்ள போயிரும்" என்று நின்று பார்த்த பிறகே இலை போடுவாள்.

பட்டாசு ஆலையில் வெடிமருந்து புழங்கும் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தப் பக்கத்தில் எல்லோரும் அறிந்த விதி. ஆனால் லைசென்ஸ் ஒருத்தர் பெயரில் இருக்க, அறை அறையாகக் குத்தகைக்கு விடும் வழக்கம் பரவியது. குத்தகைக்கு எடுத்தவர் போட்ட பணத்தை எடுக்க ஆளைக் கூட்டுவார், வேலையை விரட்டுவார். எந்த அதிகாரிக்கும் முன்னால் அம்மாச்சிக்கு அது தெரிந்துவிட்டது. ஒரே அறைக்கு ஆறு பொட்டலம் கேட்டார்கள், பிறகு எட்டு. "நாலு பேர் ரூமுக்கு எட்டு எதுக்குய்யா?" என்று கேட்டால், சோறெடுக்க வந்த பையன் சிரித்துக்கொண்டே போய்விடுவான்.

2021 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை. மதியப் பந்தி நடந்துகொண்டிருந்தது, நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். தரை அதிர்ந்தது. தகரம் கிடுகிடுத்தது. சாப்பிட்டவர்கள் பாதி இலையில் எழுந்து ஓடினார்கள். இங்கே சத்தம் கேட்டால் முதலில் புகை எந்தத் திசை என்றுதான் பார்ப்பார்கள். அடுத்த நிமிஷம் எல்லோர் கையிலும் போன். எத்தனையோ போன்கள் எடுக்கப்படவே இல்லை. அச்சங்குளம் பட்டாசு ஆலைக்குள் அறை அறையாக வெடித்துக்கொண்டிருந்ததால் ஓடிப்போனவர்களாலும் கிட்டே நெருங்க முடியவில்லை. இருபது பேருக்கு மேல் செத்தார்கள். கருகிய உடல்களை அடையாளம் காண்பதே பெரும்பாடாகிவிட்டது.

அம்மாச்சி அன்று ராத்திரி அடுப்பை அணைக்கவில்லை. சாத்தூர் ஆஸ்பத்திரி வாசலில் காத்துக் கிடந்த சனத்துக்கு உப்புமா கிண்டி அனுப்பினாள். சில நாள் கழித்து ஒரு பையன் வந்து, "எங்க அம்மா பாக்கி எவ்வளவு பாட்டி?" என்றான். "அவ வியாழக்கெழமையே குடுத்துட்டாப்பா" என்றாள். அவன் தலைக்கு நேர் பின்னால், சுவரில் அந்தக் கோடுகள் இருந்தன.

மாநில அரசு 3 லட்சம், பிரதமர் நிதியிலிருந்து 2 லட்சம் என்று அறிவித்தார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கைக் கையில் எடுத்து, இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் தரச் சொன்னது. குத்தகையும் ஆள் நெரிசலும் அப்போதுதான் ஊரறியப் பேசப்பட்டன. சோற்றுக் கணக்கைக் கேட்டிருந்தால் அம்மாச்சியே முன்கூட்டிச் சொல்லியிருப்பாள் என்ற ஆத்திரம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

அதன் பிறகு ஓர் அறைக்கு நாலு பொட்டலத்துக்கு மேல் கட்ட மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். குத்தகைக்காரர் ஒருவர் வந்து சண்டை போட்டார். "கூட வேணும்னா அந்த ஆளுக இங்க வந்து உக்காந்து தின்னுட்டுப் போகட்டும்" என்றாள். அவர் பேசாமல் போய், அடுத்த வாரத்திலிருந்து வேறு கடையில் எட்டு வாங்க ஆரம்பித்தார்.