'தே' கப்பலேறிய துறைமுகம்

சீன தேசத்தின் தென்கிழக்குக் கரையில், புஜியான் மாகாணத்தில், ஷியாமென் என்றொரு துறைமுகப் பட்டினம் இருக்கிறது. பழைய பூகோள புஸ்தகங்களில் இதையே 'அமாய்' என்று போட்டிருப்பார்கள். எதிரே கூலாங்யூ என்ற சின்னஞ்சிறு தீவு. 1842-ம் வருஷத்து நான்கிங் உடன்படிக்கைக்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் கட்டிக்கொண்ட மாளிகைகள் அங்கே நிறைய உண்டு. அவற்றைப் பார்க்கத்தான் போனேன். ஆனால் மனத்தில் நின்றது ஒரு தேயிலைக் கடை.

கடைக்காரக் கிழவர் உள்ளங்கையில் அடங்கிவிடும் கிண்ணங்களை வரிசையாக வைத்தார். முதல் வடிநீரைக் கிண்ணங்களைக் கழுவவே செலவிட்டுவிட்டு, இரண்டாவதை எனக்குக் கொடுத்தார். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. கும்பகோணம் காப்பியில் வளர்ந்த நாக்கு சிறிது திகைத்தது. பிறகு சமாதானம் அடைந்தது. இதற்கு என்ன பெயர் என்று சைகையால் கேட்டேன். "தே" என்றார் கிழவர். பக்கத்திலிருந்த பேத்தி சிரித்துக்கொண்டே, "சா" என்று திருத்தினாள். பள்ளிக்கூடத்தில் பொதுச் சீன பாஷைதான். கிழவரின் பாஷை சிறுவர் வாயில் குறைந்துகொண்டு வருகிறது.

எழுத்து ஒன்றுதான். அதன் இரண்டு உச்சரிப்புகளும் உலகத்தையே பங்கு போட்டுக்கொண்டுவிட்டன. தரை மார்க்கமாக மேற்கே போன சரக்கோடு 'சா' சென்று, பாரசீகத்திலும் ருஷியாவிலும் ஹிந்தியிலும் 'சாய்' ஆயிற்று. 1557-ல் மக்காவில் குடியேறிய போர்த்துகீசியரும் அந்தப் பக்கத்து உச்சரிப்பின்படி 'சா' என்றே சொன்னார்கள். டச்சு வர்த்தகர்களோ பதினேழாம் நூற்றாண்டில் ஜாவாவிலும் தைவானிலும் புஜியான் வியாபாரிகளோடு பழகி, மூட்டையோடு 'தே'யையும் கப்பலேற்றினார்கள். மேற்கு ஐரோப்பாவின் பல பாஷைகளுக்கு அது அவர்கள் வழியாகவே கிடைத்தது. லண்டனில் ஸாமுவேல் பீப்ஸ் என்பவர், இந்தச் சீன பானத்தை முதன் முதலாக அருந்தியதை 1660-ல் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். ஆங்கிலேயர் வெகு காலம் அதை 'டே' என்றே உச்சரித்தார்கள். 'டீ' ஆனது பிற்பாடுதான்.

நம் வீடுகளில் அடிக்கடி நடக்கும் சச்சரவு ஒன்று எனக்கு ஞாபகம் வந்தது. பையன் 'டீ' என்றால் தாத்தா கோபித்துக்கொள்வார்: "இங்கிலீஷ் எதற்கடா? தேநீர் என்று சொல்லேன்!" உண்மையில் 'டீ' இங்கிலீஷும் அல்ல, 'தே' தமிழும் அல்ல. இரண்டும் அமாய்த் துறையில் ஏறிய பிரயாணிகளே. ஆனால், ஆங்கிலேயர் வாயில் மாறிப்போன ஒலி நம் 'தேயிலை'யில் மாறாமல் இருக்கிறது! இலங்கைத் தமிழர் 'தேத்தண்ணீர்' என்பதும் இந்தக் கட்சிதான். அண்டையிலுள்ள மலையாளமோ 'சாயா' என்று எதிர்க்கட்சியில் சேர்ந்துவிட்டது.

புறப்படும்போது கிழவரிடம், எங்கள் பாஷையில் "தேயிலை" என்றேன். முதல் எழுத்து காதில் விழுந்ததும் அவர் பேத்தியின் பக்கம் திரும்பி வெற்றியோடு தலையை ஆட்டினார். காலியான என் கிண்ணத்தை மறுபடியும் நிரப்பினார்.