பாஸ்வேர்டு

ரிச்சி தெருவில் மதர்போர்டு கேட்டபோது, "பையனுக்காம்மா?" என்றார் கடைக்காரர். எனக்குத்தான். கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். ஃபைனல் கட் ப்ரோ ஆப்பிள் கருவிகளில் மட்டுமே ஓடும். மேக் வாங்கலாமென்றால், "உன் பொழுதுபோக்குக்கு இவ்வளவா?" என்றார் கணவர். அந்தப் பொழுதுபோக்கில்தான் மகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டினோம்.

ஒன்பதாம் தலைமுறை ஐ5, ஆர்எக்ஸ் 580 கார்டு. நானே பூட்டினேன். ஆப்பிள் அல்லாத கணினியில் மேக் ஓஎஸ் போட அவர்களின் உரிமம் அனுமதிப்பதில்லை; தெரிந்தேதான் இறங்கினேன்.

பாத்திரம் கழுவி, எல்லாரும் படுத்தபிறகு உட்காருவேன். பென்டிரைவில் ஓப்பன்கோர். கான்ஃபிக் கோப்பில் ஒரு வரி பிசகினாலும் கறுப்புத் திரையில் எழுத்துகள் ஓடி, பாதியில் நின்றுவிடும். "தம்பியைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லேன்" என்று படுக்கையிலிருந்து குரல் வரும். தம்பிக்கு பயாஸ் என்றால் என்னவென்றே தெரியாது.

நான்காம் இரவு மான்டரே நிறுவல் திரை வந்தது. கீபோர்டு செத்துக் கிடந்தது. யூஎஸ்பி கன்ட்ரோலர் ஒன்றுக்கு 15 போர்ட்டுக்கு மேல் மேக் ஓஎஸ் ஏற்காது. யூஎஸ்பி 3 துளை ஒவ்வொன்றையும் இரண்டாக எண்ணும். ஒவ்வொரு துளையிலும் சொருகிப் பார்த்து, வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டேன். விடிந்துவிட்டது. இட்லி ஊற்றிவிட்டு வந்தேன்.

கணக்குக்குப் பெயர் கேட்டது. என் பெயரை அடித்தேன். பாஸ்வேர்டை வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.