சிறுகாசு வளர்த்த கலாசாலை

சென்ற கோடையில், பேர்மிங்ஹாமில் வதியும் தமையனார் குடும்பத்துடன் ஒரு சனிக்கிழமை புகைவண்டி ஏறினோம். ஏறத்தாழ மூன்று மணி நேரப் பயணம். மலைகளையும் ஆட்டு மந்தைகளையும் கடந்து இருப்புப்பாதை முடிவுறும் கடற்கரைப் பட்டினமே வேல்ஸ் நாட்டு அபெரிஸ்ட்வித்.

கடலோரத்திற் கோபுரங்களுடன் நிற்பது பழைய கல்லூரி. அதனை விடுதியாக அமைத்த முதலாளி நொடித்துப்போகவே, 10,000 பவுணுக்கு வாங்கி, 1872 இல் 26 மாணவருடன் கல்லூரி தொடங்கினர். உழவரும் சுரங்கத் தொழிலாளரும் தேவாலயங்களில் இட்ட சிறுகாசுகள் அதனை வளர்த்தன.

வெதுப்பகத்தில் ஒரு சிறுமி தாயுடன் வேல்ஸ் மொழியிற் பேசி, எம்மிடம் தெளிந்த ஆங்கிலத்தில் வழிவிடக் கேட்டாள். தமிழில் வினவினும் ஆங்கிலத்திலேயே விடைகூறும் தமையனார் மகள், “ஆங்கிலம் தெரிந்தவளுக்கு அந்த மொழி எதற்கு, சித்தப்பா?” என்றாள், ஆங்கிலத்திலேயே.

அவளை ட்றெஃபெக்கான் பாலத்துக்கு அழைத்துச் சென்றோம். நீதிமன்ற அழைப்பாணையும் தம் மொழியில் வேண்டுமென்று 1963 பெப்ரவரியில் இளைஞர் வீதியில் அமர்ந்து மறித்த பாலம் அது. 2011 இல் அம்மொழி சட்டப்படி ஆட்சிமொழி நிலை பெற்றது. கேட்டவள் ஒன்றும் கூறவில்லை.

மறுநாள் திரும்புகையில், கரையிற் பறந்த வெண்பறவையைக் காட்டி, “அப்பா, இதற்குத் தமிழிற் பெயர் என்ன?” என்றாள். தமையனார் தடுமாறினார், அவரும் மறந்துவிட்டார். “கடற்காகம்” என்றோம். தந்தையும் மகளும் ஒருங்கே சொல்லிப் பார்த்தனர்.

சிறுதுளி பெருவெள்ளம் என்பர். அன்று ஒரு துளி சேர்ந்தது.