அஞ்சு நிமிஷம்தானே!

வயதானால் முழங்கால் தேய்கிறதோ இல்லையோ, அதைச் சாக்காகச் சொல்லும் புத்தி வந்துவிடுகிறது. என் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

மூன்று வருடங்களுக்கு முன் செங்கல்பட்டில் அக்கா பேத்தியின் கல்யாணம். காலை ஆறு மணிக்கே மண்டபத்துக்குப் போய்விட்டோம். வாசலில் சாய்தளத்தை ஒட்டி, நீலப் பெயின்ட் அடித்து சக்கர நாற்காலி படம் வரைந்த இடம் காலியாக இருந்தது. வாட்ச்மேன் ஓடி வந்து, "சார், அது மாற்றுத்திறனாளிங்க இடம்" என்றார். "வீட்டுக்காரம்மாவுக்கு முட்டி வலிப்பா. அஞ்சு நிமிஷம்தானே" என்று சொல்லி காரை நிறுத்தினேன். என் நரைத்த தலையைப் பார்த்து அவர் மறுபேச்சு பேசவில்லை.

உள்ளே காபி, சொந்தக்காரர்கள், பந்தி. அஞ்சு நிமிஷம் மூன்று மணி நேரமாயிற்று.

என் தம்பிக்கு இரண்டு வயதில் போலியோ வந்து வலது கால் சூம்பிவிட்டது. பின்னால் இரு பக்கமும் சக்கரம் வைத்த ஸ்கூட்டர்தான் அவனுக்குக் கால். அந்தப் பெண் சிறுமியாக இருந்தபோது அதில்தான் பள்ளிக்கூடம் போவாள். அவளை மாமல்லபுரம் கூட்டிப்போய் முதன்முதலில் கடலைக் காட்டியதும் அவன்தான். அவன் முகூர்த்தத்துக்கு வரவில்லை. "சின்னத் தாத்தா எங்க?" என்று மணமேடையிலிருந்தே கேட்டாள். பிறகுதான் போனைப் பார்த்தேன். நாலு மிஸ்டு கால். நாதஸ்வரச் சத்தத்தில் காதில் விழவில்லை.

சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். முதலில் உடம்பு சரியில்லை என்றான். அப்புறம் சொன்னான்: "வந்தேண்ணே. வாசல்ல இடமில்ல. ரோட்டுல நிறுத்திட்டு, கட்டையை ஊன்றிக்கிட்டு அவ்வளவு கூட்டத்துல வர பயமா இருந்துச்சு. திரும்பிட்டேன்."

"வாட்ச்மேன்கிட்ட சொல்லக் கூடாதாடா?"

"மைக்ல கார் நம்பரைச் சொல்லி எடுக்கச் சொல்றேன்னாரு. நான்தான் வேணாம்னுட்டேன். நம்ம கார் நம்பராச்சேண்ணே."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரையும், மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரையும் அபராதம். அந்த இடம் வாசலிலிருந்து 30 மீட்டருக்குள், 3.6 மீட்டர் அகலத்தில் இருக்க வேண்டும் என்கிறது மத்திய அரசின் வழிகாட்டி. கார் கதவை முழுக்கத் திறந்து சக்கர நாற்காலியை இறக்கத்தான் அந்த அகலம். இப்படிப்பட்ட வசதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாய விதிகள் வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

இங்கிலாந்தில் இதற்கு நீல அட்டை கொடுக்கிறார்கள். அது காருக்கு இல்லை, ஆளுக்கு. அம்மாவின் அட்டையை வைத்துக்கொண்டு மகன் தன் வேலைக்குப் போய் நிறுத்தினால் 1,000 பவுண்டு வரை அபராதம். நம் ஊரில் சக்கர நாற்காலி ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம்.

என் மனைவிக்கு முட்டி வலி நிஜம்தான். சாய்தளத்தில் அவளை இறக்கிவிட்டுக் காரை நகர்த்தியிருக்கலாம். காருக்கா முட்டி வலி?

மறுவாரம் மண்டபத்துக்குப் போய் மேனேஜரிடம் விஷயத்தைச் சொன்னேன். உடனே அந்த இடத்துக்குக் குறுக்கே சங்கிலி போட்டார். தம்பியிடம் பெருமையாகச் சொன்னேன். "அதை அவுக்க யாருண்ணே வண்டியை விட்டு இறங்கறது?" என்று சிரித்தான். சங்கிலியானாலும் சட்டமானாலும், வாசலில் ஓர் ஆள் நின்று, வேண்டாதவரைத் தடுத்து, வேண்டியவருக்குத் திறந்துவிட வேண்டும். அந்த ஆளைத்தான் அன்று நான் வாயடைத்தேன்.

வாட்ச்மேனிடமும் மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு என்னை அடையாளமே தெரியவில்லை. "தினம் நாலு பேர் அப்படித்தான் சார் சொல்றாங்க. பெரும்பாலும் பெரியவங்க" என்றார்.

பெரியவர்களே, நம்மைத்தான் சொல்கிறார். அடுத்த முறை யாராவது தயங்கித் தயங்கி, "சார், அது..." என்று ஆரம்பித்தால், முழுசாகச் சொல்ல விடுங்கள்.